பார்வை மானும் புதரில் மறைந்த வேடனும்

முதுகலை இரண்டாம் ஆண்டில் ஒரு கருத்தரங்கத் தாளுக்காகப் புறநானூற்றின் 320ஆம் பாடலை மொழிபெயர்த்தேன். அதில் பெண்மானுக்கு அடையாக வரும் ‘பார்வை’ என்னும் சொல்லைக் ‘கண்ணோக்கு’ என்று கொண்டு, ‘மருண்ட நோக்குடைய பிணைமான்’ என எழுதிவிட்டேன். அவையில் ஒருவரும் மறுக்கவில்லை, பாராட்டுக்கூடக் கிடைத்தது. சில மாதங்களுக்குப் பின் பத்துப்பாட்டுக்கான நச்சினார்க்கினியர் உரையை வேறொரு காரணத்திற்காகப் புரட்டியபோதுதான் அந்தப் பெண்மானின் கண்கள் அங்கே பேசப்படவே இல்லை என்பது விளங்கியது. அது வேட்டுவன் பழக்கி வளர்த்த மான். காட்டு மானைத் தன்னருகே வரச்செய்வதற்காகக் கட்டிவைக்கப்பட்ட மான். ‘பார்வை’ என்பது அதன் தொழிற்பெயர்.

அந்தப் பிழையின் கூச்சம் இன்னும் போகவில்லை. மட்டாஞ்சேரியில் அறையெடுத்துத் தங்கி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் இந்த மாதங்களில் அதே சொல் வேறொரு வழியாக மீண்டும் வந்து நின்றது. அதைப் பற்றியதே இந்த நீண்ட பதிவு.

கொச்சிக் கோட்டையை டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது 1663இல். ஆங்கிலேயரிடம் இழந்தது 1795இல். இடைப்பட்ட காலத்தின் கல்லறைக் கற்களும் கதவுத் தாழ்களும் இங்கே இன்னும் உள்ளன. அவற்றைப் பார்த்துக்கொண்டே டச்சுச் சொல்லகராதி ஒன்றைப் படிக்கும் பழக்கம் வந்தது. இரண்டு சொற்கள் என்னை நிறுத்தின. ஒன்று ‘கல்கூன்’, அதாவது வான்கோழி. மற்றொன்று ‘கோய்’, அதாவது கூண்டு. வேட்டைக்காகக் காட்டப்படும் போலிப் பறவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘டிகாய்’, டச்சு மொழியின் ‘டெ கோய்’ என்னும் தொடரிலிருந்து வந்தது என்பதே சொல்லாராய்ச்சியாளர் பலரும் ஏற்கும் விளக்கம். நெதர்லாந்தின் தாழ்நிலங்களில் குளம் வெட்டி, அதிலிருந்து வளைந்து குறுகிச் செல்லும் கால்வாய்களின் மேல் வலை வேய்ந்து வைப்பார்கள். குளத்தில் பழக்கிய வாத்துகள் மிதக்கும். கரையிலுள்ள நாணல் தட்டிகளுக்கிடையே ஒரு சிறு நாய் தோன்றித் தோன்றி மறையும். அது என்ன என்று அறியும் ஆவலில் காட்டு வாத்துகள் நாயின் பின்னே நீந்திக் கால்வாய்க்குள் போகும். அதன் முடிவில் கூண்டு. டச்சுக்காரன் இந்தத் தந்திரத்திற்குக் கூண்டின் பெயரை வைத்தான். தமிழனோ பார்வையின் பெயரை வைத்தான்.

வான்கோழியின் கதை இன்னும் விந்தையானது. அமெரிக்கக் காட்டுப் பறவையாகிய அது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. எங்கிருந்து வந்தது என்பதில் எல்லா மொழிகளும் குழம்பின. ஆங்கிலேயர் துருக்கியின் பெயரைச் சூட்டினர். துருக்கியர் இந்தியாவின் பெயரைச் சூட்டி ‘ஹிந்தி’ என்றனர். பிரெஞ்சுக்காரரின் ‘டேந்த்’ என்பதும் ‘இந்தியாவிலிருந்து’ என்றே பொருள்படும். டச்சு ‘கல்கூன்’ கள்ளிக்கோட்டைக் கோழி என்பதன் திரிபு. பிறகு டச்சுக் கப்பல்களிலேயே அச்சொல் கிழக்கு நோக்கித் திரும்பி, இந்தோனேசிய மொழியில் ‘கல்குன்’ ஆகவும் சிங்களத்தில் ‘களுகும்’ ஆகவும் தங்கிவிட்டது. கள்ளிக்கோட்டைக்கு ஒருபோதும் உரிமையில்லாத பறவை, அவ்வூரின் பெயரைச் சுமந்துகொண்டு அதன் கடற்கரையைக் கடந்து சென்றிருக்கிறது. வட இந்தியாவில் அது புதுமையாகவே பார்க்கப்பட்டது. 1612இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த வான்கோழியைக் கண்டு ஜஹாங்கீர் வியந்து எழுதியதும், ஓவியர் மன்சூர் அதைத் தீட்டியதும் அறிந்த செய்திகள்.

தமிழில் இப்பறவை கானமயிலைப் பார்த்து ஆட முயன்ற போலியாகப் பழக்கப்பட்டுள்ளது. ஔவையார் பெயரில் வழங்கும் மூதுரையின் அந்த உவமையைப் பள்ளியில் படிக்காதவர் இல்லை. ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. 1500க்கு முன் இந்நிலத்தில் வான்கோழி இருந்திருக்க வழியில்லை. ஒன்று, மூதுரையோ அதன் அந்தச் செய்யுளோ நாம் கருதுவதைவிடப் பிற்பட்டது. அல்லது ‘வான்கோழி’ முன்பு வேறொரு பறவையின் பெயராக இருந்து, புதிய பறவை வந்ததும் அதன்மேல் ஏறிக்கொண்டது. சிறகை விரித்து வாலை விசிறியாக்கி ஆடும் வழக்கம் அமெரிக்கப் பறவைக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதால் நான் முதல் முடிவின் பக்கமே சாய்கிறேன். இதைத் தனியே விவாதிக்கலாம்.

அமெரிக்காவில் இன்றும் அதே காட்டு வான்கோழியை வில்லால் வேட்டையாடுவோர் மூன்று கருவிகளை நம்புகிறார்கள்: மறைவு, பார்வை, அழைப்பு. வில்லாளி இருபது முப்பது கஜ தூரத்திற்குள் இரையைப் பெற வேண்டும். நாணை இழுக்கும் அசைவை வான்கோழியின் கண் மன்னிக்காது. ஆகவே கூடாரம் போன்ற மறைவிடம் வேண்டும். மறைவிடத்தில் இருப்பவனால் இரையைத் தேடிப் போக முடியாது, இரைதான் வரவேண்டும். அதற்காகப் பெட்டைக்கோழியின் உருவம் ஒன்றைத் தரையில் நட்டு, பெட்டையின் குரலை எழுப்புகிறார்கள். அந்த மண்ணின் தொல்குடிகள் வான்கோழியின் சிறகெலும்பையே ஊதலாக்கி வான்கோழியை அழைத்தார்கள். இயற்கையில் வழக்கம் தலைகீழ்: வசந்தத்தில் சேவல் கூவும், பெட்டைதான் அதை நாடிப் போகும். சேவலைப் பெட்டையிடம் நடக்கவைப்பது வேட்டைக்காரனின் வித்தை. சில வேளைகளில் பெட்டை உருவத்தருகே இளஞ்சேவல் உருவம் ஒன்றையும் நிறுத்துவார்கள். ஆசைக்கு அசையாதது பொறாமைக்கு அசையும்.

இந்த மூன்று கருவிகளும் சங்கப் பாடல்களில் அப்படியே இருக்கின்றன.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைக் காட்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், முற்றத்து விளாமரத்தின் அடிப்பகுதி தேய்ந்திருப்பதைச் சொல்கிறார். ஏன் தேய்ந்தது? பார்வை மானை அதில் நெடுநாளாகக் கட்டிவைத்ததால். அந்த நிழலில்தான் எயிற்றியர் நில உரலில் புல்லரிசி குத்துகிறார்கள். ஒரு மரத்தின் உரிந்த பட்டையைக் கொண்டு ஒரு தொழிலின் நெடுங்காலப் பழக்கத்தைச் சொல்லிவிடும் இந்த உத்தி என்னை எப்போதும் வியக்கவைக்கிறது. பார்வை மான் வேட்டை நாளில் மட்டும் தோன்றும் கருவி அன்று. வீட்டின் ஓர் உறுப்பு.

நற்றிணை 212இல் குடவாயிற் கீரத்தனார் காட்டுவது பறவை வேட்டை. பார்வை வைத்து வலை விரித்திருக்கிறான் ஒரு வேட்டுவன். நெடுங்காலுடைய கணந்துள் பறவை அந்த வலையைக் கண்டு அஞ்சிக் கத்துகிறது. பாலை வழியே செல்லும் கூத்தர் மீட்டும் நரம்பிசையோடு அக்குரல் இயைந்து கேட்கிறது. நான் அறிந்தவரையில், பார்வை பலிக்காமல் போவதைக் காட்டும் பாடல் இது. பறவை ஏமாறவில்லை. வேட்டுவன் வெறுங்கையோடு திரும்பினானா என்பது புலவருக்குத் தேவையில்லை. பிரிந்த தலைவன் வரும் வழியின் வெறுமையை உணர்த்த அந்த எச்சரிக்கைக் குரலே போதும்.

அழைப்புக்குச் சான்று அசுணம். யாழிசையில் மயங்கி அருகே வரும் அந்த உயிரை, வந்தபின் பறையை அறைந்து கொல்வார்களாம். அசுணம் எந்த விலங்கு அல்லது பறவை என்னும் விவாதத்தை இங்கே தொடங்கப் போவதில்லை. கவனிக்கத்தக்கது உவமை போகும் திசை. நற்றிணை 304இல் தலைவனின் மார்பு, அசுணத்தைக் கொல்வோரின் கையைப் போல இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவதாகத் தலைவி சொல்கிறாள். கலித்தொகை 143இலும் இதே வேட்டை காதலின் கொடுமைக்கு உவமையாகிறது. இரண்டிலும் பேசுபவர் வேட்டுவன் பக்கம் இல்லை. இசையை நம்பி வந்த உயிரின் பக்கம் நிற்கிறார்.

இனிப் புறம் 320. வீரை வெளியனார் பாடியது, வாகைத் திணை. முற்றத்தில் கொடிகள் படர்ந்து பந்தலிட வேண்டாத நிழலைத் தந்திருக்கின்றன. யானை வேட்டுவன் ஆழ்ந்து உறங்குகிறான். கட்டிவைத்த பார்வை மானிடம் காட்டிலிருந்து ஒரு தனிக் கலைமான் வந்து கூடி விளையாடுகிறது. வேட்டைத் தொழிலின் கணக்கில் இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை: பார்வை தன் வேலையைச் செய்துவிட்டது, இரை முற்றத்தில் நிற்கிறது. மனைவி அதைக் காண்கிறாள். கணவன் விழித்துவிடுவானோ என்று ஓர் அச்சம். கலைமான் பிரிந்து போய்விடுமோ என்று மற்றோர் அச்சம். அவள் அசையாமல் நிற்கிறாள். அவள் ஓசையெழுப்பாததால் மான்தோலில் உலர்த்தியிருந்த தினையைக் கானக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன.

என் பழைய மொழிபெயர்ப்பில் இக்காட்சி வெறும் கனிவாகச் சுருங்கியிருந்தது. ‘மருண்ட நோக்குடைய பிணை’ என்று படித்தால், எங்கோ இரண்டு மான்கள் கூடுகின்றன, ஒருத்தி இரங்குகிறாள் என்பதோடு முடிந்துவிடும். பார்வை மான் என்று படித்தால்தான் அவளுடைய அசைவின்மைக்கு விலை புலப்படும். அவள் தன் வீட்டின் கருவியே தன் வீட்டிற்கு இரையைக் கொண்டுவந்த கணத்தில், அந்த இரையை விடுகிறாள். கூடவே உலர்ந்த தினையையும் இழக்கிறாள். கவனியுங்கள், அசையாமல் மறைந்திருப்பது வேட்டுவனின் கலை. இங்கே அதே கலையை அவன் மனைவி உயிரைக் காக்கப் பயன்படுத்துகிறாள். அதனால் இது கொல்லாமைப் பாட்டு ஆகிவிடாது; தொடர்ந்து வரும் அடிகளில் சந்தன விறகில் வாட்டிய இறைச்சியைச் சுற்றத்தோடு உண்டு செல்லும்படி பாணனை அழைக்கிறார்கள். வேட்டைக்குடிக்கு உள்ளேயே ஓர் எல்லை இருந்தது என்பதே செய்தி. கூடல் நிலையில் உள்ள உயிரை எழுப்பக்கூடாது.

சொல்லாக்கத்திற்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ‘பார்வை’க்குத் தரும் பல பொருள்களுள் வேட்டைக்குரிய இப்பொருளும் ஒன்று. ‘பார்’ என்னும் வினையிலிருந்து இது எப்படிப் பிறந்தது? ‘-வை’ ஈறு தரும் சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். போர்த்தப்படுவது போர்வை, கோக்கப்பட்டது கோவை. அந்த வரிசையில் பார்க்கப்படுவது பார்வை. காட்டு விலங்கின் கண்முன் வைக்கப்படுவது என்று பொருள் அமைகிறது. ‘மானைக் காட்டி மானைப் பிடித்தல்’ என்னும் பழமொழியும் இதே திசையில் நிற்கிறது. மற்றொரு வழி, ‘பார்த்திருத்தல்’ என்பதற்குக் காத்திருத்தல், பதுங்கியிருத்தல் என்னும் பொருள் உண்டு. அவ்வழி ‘பதிவிருக்கும் வேட்டை’ முதலிலும் அதன் கருவி பின்னரும் இப்பெயரைப் பெற்றிருக்கலாம். முதலாவதே எனக்கு உகந்தது. பறவைக் குஞ்சைக் குறிக்கும் ‘பார்ப்பு’ என்பதோடு இதைப் பிணைத்து, குஞ்சிலிருந்து வளர்க்கப்பட்டது பார்வை என்று சொல்லும் ஆசையும் எழும். அது ஒலியின் கவர்ச்சி மட்டுமே. ஈறும் பொருந்தாது, மான் குட்டிக்குப் பார்ப்பு என்னும் மரபுப்பெயரும் பொருந்தாது. சொல்லாராய்ச்சியிலும் பார்வை வைத்துப் பிடிக்கும் தந்திரங்கள் உண்டு, நாம்தான் சிக்குகிறோம்.

மான் வேட்டையில் பார்வை ஆசையைத் தூண்டுகிறது. கௌதாரி வேட்டையில் தூண்டப்படுவது கோபம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வளர்ந்த என் பெரியப்பா தம் சிறுவயதில் கண்டதைச் சொல்லியிருக்கிறார். பழக்கிய கௌதாரிச் சேவலை மூங்கில் கூண்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி நட்டு, ஆள் வேலிக்காத்தான் மறைவில் உட்கார்ந்துவிடுவார். விடியலில் கூண்டுக் கௌதாரி கத்தும். “அது கூப்பிடலப்பா. ‘இது என் எடம், நீ யாருடா’ன்னு கேக்கும். காட்டுல இருக்கிறது அதைப் பொறுக்காது. ரோசத்துல வந்து மாட்டும்” என்றார். பறவையியலின் எல்லைக்காப்புக் கோட்பாட்டை இதைவிடச் சுருக்கமாக நான் படித்ததில்லை. வட இந்தியாவில் காடைக்கும் இவ்வாறே கூண்டுப் பறவைகளை உயரக் கம்பங்களில் தொங்கவிட்டு இரவெல்லாம் கத்தவைத்ததை 19ஆம் நூற்றாண்டு வேட்டை நூல்கள் விவரிக்கின்றன.

பெரியப்பாவின் அந்தச் சொற்களை மட்டாஞ்சேரி அரண்மனையில் நின்றபோது மீண்டும் நினைத்தேன். 1555இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த, பின்னர் டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் ‘டச்சு அரண்மனை’ எனப் பெயர்பெற்ற கட்டடம் அது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. அவற்றின் முன் நின்று கதையை மனத்துள் ஓட்டிப் பார்த்தபோது, இரண்டு காண்டங்களின் முடிச்சுகளும் வேட்டை முடிச்சுகளாகத் தெரிந்தன.

ஆரணிய காண்டத்தில் பொன்மானாக வரும் மாரீசன் ஒரு பார்வை. சாகும்போது இராமனின் குரலில் அவன் எழுப்பும் ஓலம் ஓர் அழைப்பு. தவசி வேடத்தில் வரும் இராவணன் மறைவிலிருக்கும் வேடன். மூன்று கருவிகளும் ஒரே பொழுதில், ஒரே இரைக்காக. வில்லேந்திய வேட்டைக்காரனாகிய இராமனே இங்கே பார்வையின் பின்னே போகிறான் என்பது கதையின் கூர்மை.

கிட்கிந்தா காண்டத்தில் நிலை மாறுகிறது. சுக்கிரீவன் குகை வாயிலில் நின்று அறைகூவுகிறான். கூண்டுக் கௌதாரியின் கத்தல் அது. வாலி ரோசத்தில் வெளியே வருகிறான். இராமன் மறைந்து நின்று அம்பெய்கிறான். தோற்றோடியவன் இவ்வளவு விரைவில் திரும்பி வந்து அழைக்கிறான் என்றால் அவனுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று தாரை எச்சரிக்கிறாளே, அவள்தான் நற்றிணையின் கணந்துள். வலையைக் கண்டு கத்தியவள். வாலி கேட்கவில்லை.

இந்த ஒப்புமை என் கற்பனை மட்டும் அன்று. வால்மீகியின் இராமன் தன் செயலைக் காக்க வேட்டையையே வாதமாக எடுக்கிறான். மக்கள் வலைகளாலும் கயிறுகளாலும் பொறிகளாலும், மறைந்தும் வெளிப்பட்டும் விலங்குகளைப் பிடிக்கிறார்கள். நீ கிளைகளில் வாழும் விலங்கு. இதில் குற்றம் இல்லை என்பது அவன் விடை. கம்பன் இந்த வாதத்தைத் திருப்பிவிடுகிறான். அவனுடைய காப்பியத்தில் வேட்டுவரைப் போல ஏன் மறைந்து எய்தாய் என்பது வாலியின் கேள்வியாக, குற்றச்சாட்டாக வருகிறது. அதற்கு விடை சொல்பவன் இலக்குவன். விடை அடைக்கலத்தைப் பற்றியது, வேட்டையைப் பற்றியது அன்று. நாங்கள் விலங்குகள்தானே என்று வாலி வாதிடும்போது கம்பனின் இராமன் அதை ஏற்பதில்லை. அறம் அறிந்தவனை விலங்கு என்று கொள்ள முடியாது என்கிறான். அதாவது வால்மீகி திறந்துவைத்த தப்பிக்கும் வழியைக் கம்பன் தானே அடைத்துவிடுகிறான். ஏன்?

எனக்குத் தோன்றும் விடை, இடையில் திருக்குறள் இருக்கிறது என்பதே. கூடாவொழுக்க அதிகாரத்தில், தவவேடத்தில் மறைந்துகொண்டு தீயன செய்பவனுக்கு வள்ளுவர் தரும் உவமை, புதரில் மறைந்து பறவையைப் பிடிக்கும் வேடன் (குறள் 274). அந்தக் குறளுக்குப் பின் தமிழில் ‘மறைந்து நிற்றல்’ வெறும் வேட்டை உத்தியாக இருக்க முடியாது. அது வஞ்சகத்தின் பெயர். இதில் வேடனுக்கு ஓர் அநீதி நேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவன் பறவையை ஏமாற்றியது வயிற்றுக்காக. போலித் துறவி மனிதரை ஏமாற்றுவது வேறு எதற்காகவோ. உவமை இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது. பின்வந்தோர் நினைவில் நின்றது வேடனின் குற்றமே.

ஆனால் மறைவுக்கு நேர்ந்தது பார்வைக்கு நேரவில்லை. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் இயற்றிய திருவருட்பயனில், ‘அருளுரு நிலை’ என்னும் அதிகாரத்தில் இச்சொல் வருகிறது. இறைவன் ஏன் மனித உருவில் குருவாக வருகிறான்? மானைக் காட்டி மானைப் பிடிப்பதுபோல, மனித உருவைக் காட்டி மனிதரைப் பிடிப்பதற்காக. குருவின் உடல் ஒரு போர்வை. அவர் ஒரு பார்வை. உலகம் இதைக் காண்பதில்லை என்கிறார் உமாபதி. பார்வை, போர்வை என்னும் இரண்டையும் அவர் எதுகையில் நிறுத்துவது தற்செயல் அன்று. மேலே நான் ஈற்றைக் கொண்டு தடுமாறிக் காட்டிய உறவை அவர் ஒரு குறட்பாவில் முடித்துவிட்டார்.

ஒரே வேட்டையின் இரண்டு உறுப்புகள் இவை. மறைந்திருப்பவன் போலித் துறவிக்கு உவமையானான். முன்னே நிறுத்தப்பட்ட விலங்கு உண்மைக் குருவுக்கு உவமையானது. ஆங்கிலத்தில் இதே கருவி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்: முக்காலியில் கட்டிவைத்த பார்வைப் புறாவின் பெயர், காவல்துறைக்குத் துப்புக் கொடுத்துத் தன் கூட்டத்தைக் காட்டிக்கொடுப்பவனுக்கு வசைச்சொல்லாயிற்று. தன் இனத்தை அழைத்துக் கொல்லக் கொடுத்த உயிர் என்று ஒரு மொழி அதைப் பழித்தது. சைவம் அதே உயிரை அருளின் வடிவம் என்றது. பிடிபடுவதையே மீட்பாகக் கொள்ளும் சமயத்தில்தான் இது இயலும். கட்டப்பட்டிருந்த மானின் நிலையை இரண்டு மரபும் கேட்கவில்லை. கேட்டவள் புறம் 320இன் மனைவி ஒருத்தியே என்று எனக்குப் படுகிறது.

இத்தனையும் ஏடுகளில் உள்ளவை. இவ்வித்தையைக் கையால் செய்தவர்கள் எங்கே? தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் குருவிக்காரர் என்னும் தலைப்பில் நரிக்குறவர் பற்றிய குறிப்பு உண்டு. நரியின் ஊளையை அப்படியே எழுப்பி நரிகளை வரவழைத்து வலையில் சிக்கவைக்கும் திறம் அதில் விவரிக்கப்படுகிறது. அவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி ஓர் இந்தோ ஆரிய மொழி. அவர்கள் தம்மைச் சுட்டும் ‘வாக்ரி’ என்னும் பெயரை, வலையைக் குறிக்கும் ‘வாகுரா’ என்னும் வடசொல்லோடு இணைப்போர் உண்டு. வால்மீகியின் இராமன் தன் வாதத்தில் வலைக்குப் பயன்படுத்தும் சொல்லும் அதுவே. மகாராட்டிரப் பகுதியில் பழக்கிய மாட்டின் மறைவில் நடந்து சென்று வேட்டையாடிய பார்தி மக்களுக்குக் ‘காய் பார்தி’ என்றே பெயர். மாடு அங்கே நடமாடும் புதர்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டுமன்றிக் கண்ணி வைப்பதையும் பொறி வைப்பதையும் வேட்டை என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. தொடக்கத்தில் சிறுவேட்டைக்கும் பொறிவைத்துப் பிடிப்பதற்கும் உரிமங்கள் இருந்தன; 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றையும் நீக்கியது. அச்சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது இல்லாதிருந்தால் பெரியப்பா சொன்ன கரிசல் காட்டில் கௌதாரியின் குரல் எஞ்சியிருக்குமா என்று தெரியாது. ஆனால் வயலை மருந்தடித்தும் மனையாக்கியும் பறவையை விரட்டியவர்கள் குற்றவாளிகள் ஆகவில்லை, கண்ணி வைத்தவர் மட்டும் ஆனார் என்பதும் உண்மை. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். பட்டியலில் இடம் கிடைத்தபோது, அவர்களைப் பழங்குடியாக அடையாளம் காட்டிய தொழில் சட்டத்திற்குப் புறம்பாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

மொழியியல் மாணவருக்கு இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு தொழில் மறையும்போது அதன் சொற்கள் மறைகின்றன. அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும் என்று பாடம் படித்திருக்கிறோம். ஆனால் ‘கண்ணிக்கு உங்கள் மொழியில் என்ன சொல்’ என்று நான் கேட்டால், கேட்கப்படுபவரின் செவியில் அது விசாரணை. விடை சொன்னால் ஒப்புதல் வாக்குமூலம். ஒலிப்பதிவுக் கருவி அந்த ஐயத்தை இன்னும் உறுதிப்படுத்தும்.

கொச்சிக் கோட்டைக் கடற்கரையில், சீன வலைகளின் பக்கம், பாசிமணி விற்கும் முதியவர் ஒருவரோடு சில மாலைகள் பேசியிருக்கிறேன். தமிழில்தான் பேசுவோம். உறவுமுறைச் சொற்கள், எண்கள், சமையற் சொற்கள் எல்லாம் தயங்காமல் தந்தார். கௌதாரியைப் பற்றிக் கேட்ட அன்று பேச்சு நின்றது. மணிகளைக் கோப்பதில் கவனமாக இருந்தார். நான் மன்னிப்புக் கேட்டுக் குறிப்பேட்டை மூடினேன். சிறிது நேரம் கழித்து, “அந்த போனை உள்ள வைய்யி சாமி” என்றார். வைத்தேன். “பையில வைய்யி.” பையில் வைத்து இழுத்து மூடினேன்.

பிறகு உள்ளங்கையை வாயருகே குவித்து அந்தக் குரலை எழுப்பினார். மூன்று முறை, ஒவ்வொன்றும் முன்னதைவிட வேகமாக. பக்கத்தில் மீன் விலை பேசிக்கொண்டிருந்த இருவர் திரும்பி மேலே மரத்தைப் பார்த்தார்கள். அவர் மணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றும் நடவாததுபோல உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒலி என் தரவுத்தொகுப்பில் இல்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்த இடத்தை என்ன செய்வது என்று நெறியாளரிடம் கேட்க வேண்டும்.